திருவிழாக் காலத்தில் ஒரு பெட்டி சூரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் ரொறன்ரோவில் பிரீஸர் திருத்தும் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுப் பிரீஸர்கள் அல்ல. சுப்பர்மார்க்கெட்டுகளின் பின்பக்கத்தில் இருக்கும் குளிர் அறைகள், ஐஸ்கிறீம் பெட்டிகள், மீன் கடைகளின் கண்ணாடி அலுமாரிகள். கல்லூரியில் அதற்கென்றே படித்தேன்; வகுப்பில் நான் மட்டும்தான் பெண். வேலையில் சேர்ந்தபோது கொம்பனி ஒரு வானும், மார்பில் பெயர்ப்பட்டி தைத்த சாம்பல் நிறச் சட்டையும், ஒரு தொப்பியும் தந்தது. ஸ்காபரோவிலிருந்து ஒஷாவா வரை உள்ள கடைகள் என் பொறுப்பு.

அந்தக் கோடையில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை அண்ணாவோடு ஒரே மெஷின் ஷொப்பில் வேலை செய்பவர். சாதகம் பொருந்தியது. பட்டுச்சேலையோடு எடுத்த என் படம் ஒன்று அவர்கள் வீட்டுக்குப் போனது. அவருடைய அப்பா இறந்துவிட்டார். பேச்சு முழுவதும் அவருடைய அம்மாவோடுதான். நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நான் ஓமா இல்லையா என்று முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

அண்ணாவுக்கு ஒரு யோசனை இருந்தது.

"சோபாவில இருந்து பலகாரம் தின்னேக்கை ஒரு மனுசனைப் பற்றி என்னத்தைத் தெரியும்? எங்களோட மீன் பிடிக்க வா. அவரும் வாறார். மூண்டு நாள் ஒரு படகில வைச்சு ஆளைப் பார். பிறகு சொல்லு."

இது எனக்கு நியாயமாகப் பட்டது. ஒரு கொம்பிரஸரை வாங்குவதற்கு முன்பே ஓடவிட்டுப் பார்க்கிறோம். அம்மா கொஞ்சம் யோசித்தார். கடைசியில், "கொண்ணன் பக்கத்தில நிப்பான்தானே?" என்று கேட்டு ஒத்துக்கொண்டார்.

அண்ணாவும் அவருடைய கூட்டாளிகளும் கோடையில் சான் டியேகோவுக்குப் பறந்து போய்ப் பல நாள் மீன்பிடிப் பயணம் போகும் வழக்கத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் கனடாப் பிரஜாவுரிமை கிடைத்து, எல்லையில் யாரும் மறிக்காத காலம் வந்திருந்தது. ஒன்ராறியோ ஏரியில் சால்மன் என்ற சமன் மீன் இருக்கிறது, ஒரு நாள் வாடகைக்குப் படகும் இருக்கிறது. ஆனால் நன்னீர் மீன் குழம்புக்கு உதவாது என்பது அவர்களுடைய தீர்ப்பு. சூரை மீன் வேண்டும். சூரைக்குக் கடல் வேண்டும். கடலில் அது நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே ஓர் இரவு ஓட வேண்டும் என்பதால் பயணம் மூன்று நாள்.

நாலு பேருக்கு இடம் பதிந்திருந்தார்கள். நாலாவது ஆள் கடைசி வாரத்தில் விலகிக்கொண்டார். அந்த இடம்தான் எனக்குக் கிடைத்தது. அவர் விலகிய காரணத்தை அண்ணா என்னிடம் விமான நிலையத்தில்தான் சொன்னார். பனிக்காலத்தில் இடம் பதிந்தபோது சூரை எந்த மாதத்தில் நன்றாக ஓடும் என்று விசாரித்திருக்கிறார்கள். வானிலையை விசாரித்திருக்கிறார்கள். வேலையில் லீவு கிடைக்குமா என்றும் பார்த்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பயணம் சரியாக நல்லூர்த் திருவிழாவுக்கு நடுவில் விழுந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் நல்லூர் முருகனுக்குக் கொடி ஏறினால், ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் சைவ வீடுகளிலும் மச்சம் நின்றுவிடும். மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. சட்டிகளைக்கூடத் தனியாக எடுத்து வைப்பார்கள். திருவிழா முடியும்வரை மீன் வாசற்படி தாண்டாது. விலகிய ஆளின் மனைவி, "போறதெண்டால் போங்கோ, திரும்பி வரேக்கை வேற வீடு பாருங்கோ" என்றாராம்.

மற்ற மூவருக்கும் முற்பணத்தை விட மனம் வரவில்லை. விமானத்தில் ஏறி அமர்ந்ததிலிருந்து ஒரே விவாதம்தான்.

"பிடிக்கிறது வேற, தின்னுறது வேற," என்றார் அண்ணா. "விரதம் வாய்க்குத்தான். கைக்கு இல்லை."

"முருகனிட்டை உப்பிடிச் சொல்லிப் பார்," என்றார் மன்னார் அண்ணை. இவர் ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்து ரெக்ஸ்டேலில் குடியிருந்த கத்தோலிக்கர். அவருக்கும் அதே மெஷின் ஷொப்பில்தான் வேலை. "வேலாயுதத்தோட வந்து கையை நீட்டு எண்டுவார்."

"அண்ணை, உங்களுக்கு என்ன? உங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான்."

"அதுவும் மீன் தின்னலாம். நாங்கள் மார்க்கம் பார்த்துச் சேர்ந்தனாங்கள். நீங்கள் பிடியுங்கோ தம்பிமார், நான் தின்னுறன். எல்லாருக்கும் புண்ணியம்."

மாப்பிள்ளை யன்னல் பக்கம் இருந்தார். அவர் அதிகம் பேசவில்லை. சிரித்தபோது சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் முப்பது பேரளவில் நின்றார்கள். நான் எதிர்பார்த்ததைவிடப் படகு பெரியது. கீழ்த்தட்டில் அலுமாரித் தட்டுகள்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள், மேலே ஒரு குசினி, பின்பக்கம் திறந்த தளம். அங்கே பெரிய தொட்டிகளில் உயிருள்ள சாளை மீன்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவைதான் இரை. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் தந்தார்கள். பிடிக்கும் மீனின் செவுளில் அந்த இலக்கத்தை அடித்துவிடுவார்கள். கரைக்கு வந்தபின் யார் மீன் யாருடையது என்று சண்டை வராது. இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. அதைவிடப் பிடித்தது தளத்துக்குக் கீழே இருந்த மீன் அறை. ஐஸ் கிடையாது. உப்புத் தண்ணீரையே உறைநிலைக்குச் சற்றுக் கீழே குளிரவைத்து அதற்குள் மீனை விடுகிறார்கள். குழாய்கள் போகும் வழியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படகின் இயந்திரக்காரர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். என் தொழிலைச் சொன்னேன். அவர் மூடியைத் தூக்கி முழுவதையும் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஒரே மதம்," என்றார் மன்னார் அண்ணை, எனக்குப் பின்னால் நின்று.

துறைமுக வாயிலைத் தாண்டியதும் அண்ணாவுக்கு வாந்தி தொடங்கியது. மாத்திரை போட்டார், நிற்கவில்லை. கீழே போய்ப் படுத்தவர், கரை வரும்வரை சரியாக எழும்பவே இல்லை. எனக்குக் காவல் என்று அம்மா நம்பிய ஆள், ஒரு பிளாஸ்ரிக் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் இடையிடையே தேத்தண்ணீர் கொண்டு போனேன்.

"ஆள் எப்பிடி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பாத்துக்கொண்டிருக்கிறன்."

"நல்லாப் பார். நான் செத்தாலும் பரவாயில்லை."

முதல் நாள் மீன் இல்லை. படகு போலி இரைகளை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. தளத்தில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல எரிச்சல்பட்டார்கள். கப்டன் இடம் தெரியாதவர் என்றார்கள், தண்ணீர் குளிர் என்றார்கள். மாப்பிள்ளை தூண்டில் நூல் சுற்றும் தன் ரீலைக் கழற்றித் துடைத்தார், பிறகு கேட்காமலே என்னுடையதையும் துடைத்தார். பக்கத்தில் நின்ற வயதான அமெரிக்கருக்குக் கை நடுங்கியது. அவருக்கு நூலைக் கட்டிக் கொடுத்தார். காரியம் இல்லாத நேரத்தில் ஒரு மனிதர் எப்படி இருக்கிறார் என்பது நான் பார்க்க விரும்பியவற்றில் முக்கியமானது. அவர் நன்றாகவே இருந்தார்.

பின்னேரம் தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முதல்முறையாக நீண்ட நேரம் பேசினோம். என் வேலையைப் பற்றிக் கேட்டார். உண்மையாகவே கேட்டார், எந்த வாயு, என்ன அழுத்தம், எங்கே கசியும் என்றெல்லாம். பிறகு நான் கேட்டேன்.

"திருவிழா நேரம் மீன் பிடிக்கப் போறதுக்கு அம்மா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவவுக்குத் தெரியாது," என்றார். "வேலையால கோர்ஸ் ஒண்டுக்கு அனுப்பினவங்கள் எண்டு சொல்லியிருக்கிறன். புது மெஷின் பழகிறதுக்கு."

"நான் வந்ததும் தெரியாது?"

"ஐயோ, அது தெரிஞ்சால் முடிஞ்சுது." தோள் குலுங்கியது. "கலியாணத்துக்குப் பிறகு ஆறுதலாச் சொல்லுவம். அப்ப அவவும் சிரிப்பா."

"அவ மச்சம் திண்டனியோ எண்டு கேட்டால்?"

"தின்னேல்ல எண்டு சொல்லுவன். அது பொய் இல்லைத்தானே? அதுக்காகத்தான் நான் இஞ்ச தின்னாமல் இருக்கிறன்."

அது உண்மைதான். குசினியில் சமையற்காரர் மணக்க மணக்க மீன் பொரித்தபோதும் அவர் பாணும் சீஸும்தான் சாப்பிட்டார். நானும் அப்படித்தான், அம்மாவிடம் சாப்பிடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், சொன்னதைச் செய்வது எனக்குக் கடினமில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன தட்டை வடையை எங்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வோம். மன்னார் அண்ணை எதிரில் இருந்து மீன் துண்டைத் தூக்கிக் காட்டி, "உங்கட பேரையும் சொல்லித்தான் விழுங்குறன்" என்பார்.

அந்தப் பொய்யை நான் அன்று பெரிதாக எடுக்கவில்லை. ஸ்காபரோவில் தாயிடம் ஒன்றையாவது மறைக்காத பிள்ளையை எனக்குத் தெரியாது. என்னைப் பற்றியும் ஒன்று அதில் சேர்ந்திருந்தது மட்டும் சற்று உறுத்தியது.

இரண்டாம் நாள் காலை, மிதந்து வந்த பாசித் திட்டு ஒன்றின் அருகே படகு நின்றது. இரையை அள்ளி வீசினார்கள். தண்ணீர் கொதித்ததுபோல இருந்தது. முதலில் வந்தவை மஞ்சள் வால் கொண்ட மீன்கள். அமெரிக்கர்கள் அந்த வாலின் பெயரையே அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். மன்னார் அண்ணை ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உது எங்கட பாரையின்ர மச்சான்" என்றார். அவை போன பிறகு சூரை வந்தது.

என் தூண்டிலில் ஒரு சூரை பட்டது. படும்போது ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த கணம் ரீல் கத்தியது. மீன் ஓடும் பக்கம் நாமும் ஓட வேண்டும் என்பது அந்தத் தளத்தின் சட்டம். முப்பது பேர் கம்பியோரம் நிற்கும்போது, ஒருவர் நூலுக்கு மேலாலும் மற்றவர் நூலுக்குக் கீழாலும் தூண்டில் தடியைக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சிக்கி அறுந்துவிடும்.

"குடுத்திடு பிள்ளை, குடுத்திடு! கை கழண்டிடும்!" என்று மன்னார் அண்ணை கத்தினார். எங்களுக்குத் தெரியாத இரண்டு பேர் என் தடியைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். மாப்பிள்ளை தன் தடியை வைத்துவிட்டு ஓடி வந்தார். அவரும் வாங்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் தடியைத் தொடவில்லை. மற்றவர்களின் கையை மறித்துக்கொண்டு என் தோளோடு ஒட்டி நடந்தார்.

"இப்ப கீழால வாரும். குனியும். சரி, இனி மேலால. சுத்தாதையும், அது ஓடட்டும். இப்ப சுத்தும்."

படகைச் சுற்றி ஒரு முழு வட்டம் போனோம். என் கை எரிந்தது. ஒரு முறை, "எடுக்கவோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. கடைசியில் டெக்கில் வேலை செய்பவர் கொக்கித் தடியால் மீனைத் தூக்கிப் போட்டபோது, அது என் காலருகே இரும்புபோல விழுந்து துடித்தது. செவுளில் என் இலக்கத்தை அடித்தார்கள்.

அப்போது நான் முடிவு செய்தேன். ஓம் என்று சொல்லுவது என்று. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, அண்ணாவுக்குக்கூட. திருவிழா முடிந்து அவர்கள் வீட்டுக்கு வரும்போது, முறைப்படி சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

கரையில் மீனைத் துண்டாக்கி உறையவைத்துத் தரும் இடம் ஒன்று இருந்தது. உறைந்த துண்டுகளைப் பெட்டிகளில் அடுக்குவதை நான் எடுத்துக்கொண்டேன். நுரைப்பெட்டி, உள்ளே கடதாசிச் சுற்று, இடைவெளியே இல்லாத அடுக்கு. நாலு பேரின் மீன் மூன்று பெட்டிகளில் அடங்கியது. விமானத்தில் ஏற்றுவதற்குப் பெட்டியின் மேல் பெயரும் விலாசமும் எழுத வேண்டும் என்றார்கள். அண்ணாவால் இன்னும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. எழுதுவதை மற்ற மூவரும் ஆளுக்கொரு பெட்டி என்று பிரித்துக்கொண்டோம்; மூன்றாவதில் மாப்பிள்ளை எழுதினார். பழக்கத்தில் எழுதினார். தன் பெயர், தன் வீட்டு விலாசம், தன் வீட்டு ரெலிபோன்.

திட்டம் தெளிவாக இருந்தது. மூன்று பெட்டிகளும் ரெக்ஸ்டேலுக்குப் போகும். மன்னார் அண்ணையின் வீட்டு நிலக்கீழ் அறையில் பெரிய பிரீஸர் ஒன்று இருந்தது. திருவிழா முடிந்ததும் மூன்று சைவ வீடுகளும் வந்து தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளலாம்.

"அதுக்குள்ள எவ்வளவு மிஞ்சும் எண்டு நான் உத்தரவாதம் தரேல்ல," என்றார் அவர்.

ரொறன்ரோவில் இரண்டு பெட்டிகள் வந்தன. இடையில் விமானம் மாறியபோது ஒன்று தவறிவிட்டது. அடுத்த விமானத்தில் வரும், வந்ததும் அறிவிப்போம் என்று கவுன்ரரில் இருந்தவர் சொன்னார். ரெக்ஸ்டேல் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆனால் அந்த விலாசம் அவருடைய தாளில் இருந்தது. பெட்டியின் மேல் இருந்தது வேறு.

மறுநாள் நான் வேலையில் இருந்தேன். பேஜர் அடித்தது. ஒரு கடையின் ரெலிபோனில் இருந்து அழைத்தேன். மாப்பிள்ளை தன் வேலையிடத்தில் இருந்து குசுகுசுத்தார்.

"பெட்டியை வீட்டில கொண்டுபோய் இறக்கிப்போட்டாங்கள்."

"எந்த வீட்டில?"

"எங்கட வீட்டில. அம்மா போன் எடுத்தவ. மீன் பெட்டி வந்திருக்கு, உன்ர பேர் போட்டிருக்கு எண்டு. நான் சொன்னன், அது பிழையா வந்த பெட்டி, எயர்லைன் ஆக்கள் வந்து எடுப்பினம் எண்டு."

"மன்னார் அண்ணையை அனுப்புங்கோவன்."

"அவருக்கும் இண்டைக்குப் பகல் ஷிப்ட். உங்கட அண்ணாவை அவவுக்கு முகம் தெரியும். உமக்கு வான் இருக்குத்தானே. யூனிபோர்மும் இருக்குது. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் இங்கிலிஷில கதைச்சு எடுத்துக்கொண்டு வாருமன். எயர்லைன் ஆள் எண்டுதான் நினைப்பா. அவ உம்மைச் சேலையோட படத்தில மட்டும்தானே பாத்தவ."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"பெட்டி உருகிப்போம்," என்றார். "நீர் பிடிச்சதும் உதுக்குள்ளதான் கிடக்கு."

அது சரிதான். என் பொதி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். அதில் மிச்ச நேரம் அதிகம் இருக்கவில்லை. போனேன். ஒரு பெட்டியைக் காப்பாற்றப் போகிறேன் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் தொப்பியை இழுத்துவிட்டு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் திருநீறு பூசியிருந்தார், பருத்திச் சேலை, ஈரத் தலை. நான் ஆங்கிலத்தில், தவறாக வந்த ஒரு பெட்டியை எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்தார், வானைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார் தமிழில், "உம்மட படம் என்ர சாமியறையில முருகன்ர காலடியில கிடக்குது. கொடி ஏறின நாளில இருந்து ஒவ்வொரு நாளும் பூ வைக்கேக்கை பாக்கிறன். எனக்குத் தெரியாதே?"

நான் தொப்பியைக் கழற்றினேன்.

"உப்பிடி வரச் சொல்லி ஆர் உம்மட்டைச் சொன்னது?"

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றுதான் வாயில் வந்தது.

"உங்கட மகன், அன்ரி."

அவர் தலையை ஆட்டினார். கோபம் தெரியவில்லை. "நீரும் போனனீரோ மீன் பிடிக்க?"

"ஓம். அண்ணாவோட."

"அப்ப கோர்ஸ் இல்லை."

"இல்லை, அன்ரி."

"வாரும் உள்ளுக்கு. பெட்டி கராஜுக்குள்ள. வீட்டுக்குள்ள எடுக்கேல்ல, வெய்யில் படாமல் ஒரு கம்பளியால மூடி வைச்சிருக்கிறன். பழுதாப்போனால் பாவம்தானே, ஆற்றையோ உழைப்பு."

கராஜில் பெட்டியைத் திறந்து துண்டுகளை அழுத்திப் பார்த்தேன். கல்லாக இருந்தன. கம்பளி சரியான யோசனை என்று அவரிடம் சொன்னேன். அவர் கராஜ் வாசலைத் தாண்டாமல் சற்றுத் தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன மீன்?"

"சூரை. மற்றது பாரை மாதிரி ஒண்டு."

"நீர் பிடிச்சதும் கிடக்கோ?"

"ஒரு சூரை. பெரிசு."

"தனியவோ பிடிச்சனீர்?"

"ஓம். உங்கட மகன் பக்கத்தில நிண்டு வழி சொன்னவர். நல்லாச் சொன்னவர்." அதையும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"அதெல்லாம் கெட்டிக்காரன்," என்றார். பிறகு, "நான் அவனை ஒருநாளும் கை நீட்டி அடிச்சதில்லை, பிள்ளை. ஒரு நாள் பட்டினி போட்டதில்லை. திருவிழா நேரம் போறன் எண்டு சொல்லியிருந்தால், முகத்தை நீட்டிக்கொண்டு ரெண்டு நாள் இருந்திருப்பன், அவ்வளவுதான். என்னட்டை என்னத்துக்குப் பயம் எண்டு எனக்குத் தெரியேல்ல."

பெட்டியை வானில் ஏற்றினேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். கையைக் கழுவிவிட்டு, யூனிபோர்மோடு அவருடைய குசினி மேசையில் இருந்து குடித்தேன். என் சம்பளத்தைப் பற்றியோ சாதகத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. பிரீஸரின் கதவு ரப்பர் வெடித்துவிட்டது, புதிது மாட்டலாமா என்று கேட்டார். அளவெடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று, "திருவிழா முடியக் கேக்கத்தான் இருந்தனான். இப்ப அவசரம் இல்லை. நீர் யோசியும்" என்றார்.

பின்னேரம், தாயோடு போனில் கதைத்துவிட்டு, மாப்பிள்ளை வேலையிடத்தில் இருந்தே என் வீட்டுக்கு அழைத்தார்.

"என்ன நடந்தது? ஏன் ஓம் எண்டு சொன்னனீர்?"

"கேட்டவ, சொன்னன்."

"ஆள் மாறிப்போச்சு எண்டு இங்கிலிஷில சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும். அவ போட்டோவைத்தானே பாத்தவ. நிச்சயமாத் தெரிஞ்சிருக்காது. நான் பிறகு சமாளிச்சிருப்பன்."

அவர் கோபமாகப் பேசவில்லை. ஓர் இயந்திரத்தில் ஒரு படி தவறிவிட்டதை விளக்குவதுபோலப் பொறுமையாகப் பேசினார். தளத்தில், கீழால வாரும், மேலால வாரும் என்று சொன்ன அதே குரல். அவர் தடியைப் பிடுங்காத மனிதர் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் என்னை யாராக இருக்கச் சொல்லிக் கேட்கிறோம் என்பது அவருக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. ஒரு பெட்டிக்காகத் தன் தாயின் முன்னால் என்னை வேறு ஆளாக நிற்கச் சொன்னவர். கலியாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனை கதவுகள், எத்தனை பெட்டிகள்.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்," என்றேன்.

மெஷின் ஷொப்பின் சத்தத்துக்கு மேலால் கேட்டார்.

"ஒரு பெட்டி மீனுக்காகவோ?"

ஓம் என்றேன். அது முழுப் பதில் இல்லை. விளக்கினால் இனிமேல் திருத்திக்கொள்கிறேன் என்று சொல்லுவார், நானும் நம்ப விரும்பியிருப்பேன்.

அண்ணா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. "மூண்டு நாள் வாந்தி எடுத்தது வீணாப்போச்சு" என்று அண்ணியிடம் சொன்னாராம். அம்மா அழுதார், பிறகு, யாரிடம் சொன்னாலும் மீன் கதையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மன்னார் அண்ணை மட்டும் போனில், "அப்ப அந்த மூண்டாவது பெட்டி ஆற்றை பங்கு?" என்று கேட்டார்.

திருவிழா முடிந்த வாரம் ரெக்ஸ்டேலுக்குப் போய், அன்று நான் கொண்டுபோய் வைத்திருந்த அந்தப் பெட்டியை எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பங்கோடு என் சூரையில் பாதியையும் வைத்து, கதவு ரப்பரையும் கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அன்ரிதான் கதவைத் திறந்தார். செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. நேரே பிரீஸரைக் காட்டினார். நான் நிலத்தில் குந்தி இருந்து பழைய ரப்பரை உரித்துப் புதியதை மாட்டினேன். மேல்மாடியில் யாரோ நடந்தார்கள். நடை படியருகே வந்து நின்றது.

"நிக்கிறான்," என்றார் அன்ரி மெதுவாக. "கூப்பிடவோ?"

"வேண்டாம், அன்ரி."

அவர் சாமியறைக்குள் போய் என் படத்தையும் சாதகத்தையும் ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு வந்தார். படத்தின் ஓரத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கப் போனவர், பிறகு விட்டுவிட்டார்.

"மீனை எப்பிடி உருக்கிறது? தண்ணிக்குள்ள போடவோ?"

"வேண்டாம். பிரிட்ஜில ஓர் இரவு விடுங்கோ. தண்ணி பட்டால் தசை குழைஞ்சிடும்."

"சரி, பிள்ளை."

ஒஷாவாவில் ஒரு கடையில் ஐஸ்கிறீம் பெட்டி குளிர் பிடிக்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தார்கள். உறையைப் பக்கத்து ஆசனத்தில் வைத்துவிட்டு வானை எடுத்தேன்.